ஒன்பது மீட்டர் ஆழத்தில் ஒரு காலியிடம்

எங்கள் வீட்டில் பொத்தான் கீழே விழுந்தால் நாங்கள் தேடுவதில்லை. எந்த மூலையில் விழுந்தாலும் அது தானாக உருண்டு நடு அறைக்கு வந்து, அக்காவின் நாற்காலிக்கு அடியில் நின்றுகொள்ளும். சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், நூல்கண்டு, பாபின் எல்லாம் அப்படித்தான். நான் தையல்காரன். மட்டம் பார்க்கிற கருவி எதுவும் என்னிடம் கிடையாது. ஆனால் முப்பது வருடம் கோணல் தோள்களுக்குச் சட்டை தைத்தவனுக்கு ஓரிடம் தொய்ந்துபோனால் தெரியாமலிருக்காது. எங்கள் நடு அறை தொய்ந்துகொண்டிருந்தது.

கூடவே ஒரு சத்தம். தினமும் காலை பத்து மணிக்குமேல் தரைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு. தொம், தொம். அதோடு சரி. மூன்றாவதாக ஒன்று இதோ வரும், இதோ வரும் என்று காது காத்திருக்கும், வராது. விழுந்த இரண்டைவிட விழாத அந்த ஒன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த நேரத்தில் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். ஓடவிட்டால் தையல் கோணிக்கொண்டு போகும்.

அக்காவுக்குப் பயமே இல்லை. கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, காஜா எடுக்கிற ஊசியை அந்தரத்தில் நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்பாள்.

"அவர்தாண்டா தம்பி," என்பாள். "மூணாவதுக்கு மூச்சு வாங்கறாரு."

அவர் என்றால் என் அத்தான். நிலத்தடி ஆய்வுத் துறையில் சம்மட்டிக்காரராக இருந்தவர். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டாமலே கண்டுபிடிப்பது அந்தத் துறையின் வேலை. தரையில் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அந்த அடி அலையாகக் கீழே இறங்கி, பாறையிலோ தண்ணீரிலோ பட்டுத் திரும்பி வரும். வரிசையாகத் தரையில் குத்திவைத்திருக்கும் சின்னக் குமிழ்கள் அதைக் கேட்டுக்கொள்ளும். அவற்றுக்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு, ஆனால் துறையில் எல்லோரும் காது என்றுதான் சொல்வார்கள். அலை திரும்பிவர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, எது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, பூமியின் உள்பக்கத்தைக் கம்ப்யூட்டரில் கலர் கலராகக் கட்டிவிடுவார்கள். அதற்கு மாதிரி என்று பெயர். ஓர் இடத்துக்கு மூன்று அடி என்பது விதி. அத்தான் முதல் இரண்டை அடுத்தடுத்துப் போடுவார். அப்புறம் ஒரு மூச்சு வாங்கி, பிடியை மாற்றி, மூன்றாவதைப் போடுவார்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பழைய கல்குவாரியில் இரண்டு அடி போட்டார், மூச்சு வாங்கினார். அதற்குள் தரை வாயைத் திறந்துவிட்டது. தட்டும் சம்மட்டியும் அவரும் உள்ளே போனார்கள். உடம்பு கிடைக்கவில்லை. துறை மூன்று மாதம் விசாரித்துவிட்டு எழுதியது: "சம்மட்டிக்காரர் மூன்றாவது அடியை முடிக்காமல் பணியிடத்தை விட்டுச் சென்றுள்ளார். மூன்றாவது அடி நிலுவையில் உள்ளது."

அந்த நிலுவை தீராததால் அக்காவுக்குக் கருணை அடிப்படையில் கிடைக்க வேண்டிய வேலையும் நின்றுபோனது. கருணைக்கும் ஓர் அடிப்படை வேண்டாமா என்று கேட்டார்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று கடிதம் வரும். இருபத்தோரு கடிதங்களையும் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். ஊரில் யாரை நம்பினாளோ இல்லையோ, அந்த அலுவலகத்தை நம்பினாள்.

"வேற வீடு பாத்துட்டேன்க்கா. இந்த வாரமே போயிடலாம்," என்றேன். "அடியில காலியா இருக்கு."

"யார் சொன்னா?"

"பொத்தான் சொல்லுது."

"பொத்தான் பேச்சைக் கேட்டு வீட்டை விடச் சொல்றியா? அவர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கே கிளம்பறேன்."

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆகவே எனக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். தரைக்கு அடியில் ஒன்றுமில்லை என்று துறை ஒரு வரி எழுதித் தந்தால் போதும். தரை முந்துகிறதா, தாள் முந்துகிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

நிலத்தடி ஆய்வுத் துறை நான்காவது மாடியில் இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துறை தருகிற கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் ஒரு பெரிய காதைப் புதைத்துவைத்திருக்கிறார்களாம். ஊரில் எங்கே தரை முனகினாலும் அதற்குக் கேட்குமாம். ஊழியர்களின் நடைச் சத்தம் அதில் விழக்கூடாது. அதனால் எல்லோரும் காலைத் தூக்காமல் வழுக்கிக்கொண்டே போனார்கள். பேச்செல்லாம் கிசுகிசுப்பு. தும்மல் வந்தால் தலையணையில் தும்ம வேண்டும், அதற்கென்று மேஜைக்கு ஒரு தலையணை. நாற்பது பேர் இருந்த கூடத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. இழவு வீட்டில்கூட இதைவிடக் கொஞ்சம் கலகலப்பு இருக்கும்.

பத்து மணிக்குச் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த பியூன், தூக்கிய கையோடு அப்படியே நின்றார். ஒருவர் டம்ளரை உதட்டில் வைத்தபடி நின்றார். கொட்டாவி விட்டவருக்கு வாய் மூடவில்லை. அது அமைதி நேரமாம். பதினைந்து நிமிடம் யாரும் அசையக்கூடாது, அப்போதுதான் காதுக்குச் சுத்தமாகக் கேட்கும். சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், நகர்கிற தாளில் ஒரு முள் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பத்தே கால் ஆனதும் விளக்கு அணைந்தது. பியூன் கையை இறக்கி, "என்ன வேணும்?" என்றார். முள் போட்ட கோட்டை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மாதிரிப் பொறியாளரிடம் என்னை அனுப்பினார்கள். இளம்பெண். சட்டையின் இடது கை வலதைவிட அரை இன்ச் நீளம், ரெடிமேட். கம்ப்யூட்டரில் எங்கள் தெருவைக் காட்டினாள்.

"நீலம்னா பாறை. உங்க வீடு இதுதான். நல்ல நீலம்."

"எப்பம்மா அளந்தீங்க?"

"அளக்கலை. நாங்க வந்த அன்னிக்கு வீடு பூட்டியிருந்தது. இந்தப் பக்கத்து வீட்டுக்கடியில பாறை, அந்தப் பக்கத்து வீட்டுக்கடியிலயும் பாறை. நடுவுல விட்டுப்போனதை மாதிரியே பாத்து நிரப்பிக்கும்."

"அண்ணனையும் தம்பியையும் அளந்துட்டு நடுவுல இருக்கறவனுக்குச் சட்டை தைக்கலாமா?"

"பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்."

"அவன் கூனனா இருந்தா?"

அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். அந்த அலுவலகத்தில் வெட்கப்படத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

மறுவாரம் ஆட்களோடு வந்தாள். நடு அறையில் இருபத்துநான்கு காதுகளைக் குத்தினார்கள். என் கட்டிங் மேஜையில் கம்ப்யூட்டரை வைத்தாள். இப்போதைய சம்மட்டிக்காரர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சம்மட்டியைத் தோளில் சாய்த்தபடி உத்தரவுக்குக் காத்திருந்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

தொம், தொம்.

திரையில் இரண்டு கோடுகள் துள்ளி அடங்கின. பொறியாளர் நிமிர்ந்து பார்த்தாள். சம்மட்டி இன்னும் தோளில்தான் இருந்தது.

"யார் அடிச்சது?" என்றாள்.

"உக்காரும்மா," என்றாள் அக்கா. "மூணாவது இருக்கு, ஆனா அவர் போடமாட்டாரு. ஆபீஸ்ல இன்னும் நிலுவைன்னு வெச்சிருக்காங்க."

பொறியாளரின் படிவத்தில் இதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் 'இரைச்சல்' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டது. சம்மட்டிக்காரர் தட்டில் விரலால் சுண்டுவதுபோல மூன்று முறை தொட்டுவிட்டுச் சம்மட்டியோடு வாசலுக்குப் போய்விட்டார்.

கணக்கு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தாள். "அடியில சுண்ணாம்புப் பாறை. தண்ணி கரைச்சு எடுத்துட்டுப் போயிருக்கு. ரெண்டு மீட்டர்ல ஆரம்பிச்சு ஒன்பது மீட்டர் வரைக்கும் கூடம் மாதிரி இருக்கு. மேல இருக்கற ரெண்டு மீட்டரும் நாளுக்கு நாள் உதிருது. சீக்கிரம் அவங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"இதை அப்படியே எழுதிக் குடும்மா. புண்ணியமாப் போகும்."

எழுதித் தந்தாள். மேற்படி வீட்டின் கீழ், இரண்டு மீட்டர் முதல் ஒன்பது மீட்டர் ஆழம்வரை ஒன்றுமில்லை. துறை முத்திரையோடு இருந்தது. ஓட்டமாக அக்காவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு தெளிவா எழுதியிருக்காங்களே," என்றாள். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணே?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "ஒண்ணுமில்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்க்கா." "அதைத்தானேடா நானும் சொல்றேன்." அந்தத் தாளும் பிஸ்கட் டப்பாவுக்குள் போனது.

வேறு சொல்லில் எழுதி வாங்கலாம் என்று மறுபடி நான்காவது மாடிக்குப் போனேன். இந்த முறை இயக்குநரிடமே அழைத்துப்போனார்கள். பெரிய மனிதர். கோட்டுக்குள் தோள் பஞ்சு இரண்டு அடுக்கு வைத்துத் தைத்திருந்தார்கள், உள்ளே தோள் இருந்ததா என்று தெரியவில்லை. மேஜைமேல் பூமி உருண்டை ஒன்று, பாதியாகப் பிளந்து, உள்ளே கலர் கலராக.

"பள்ளம்னு எழுதித் தாங்க சார். குழி, பொந்து, வெற்றிடம், எதுவா இருந்தாலும் சரி," என்றேன்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பேசியதும் கிசுகிசுப்பாகத்தான், ஆனால் மேடையில் பேசுகிற தோரணை.

"டெய்லர், இந்தத் துறையோட பெருமை உங்களுக்குத் தெரியாது. மத்தவங்க எல்லாம் தோண்டறாங்க. அது அநாகரிகம். நாம தட்டறோம், கேக்கறோம். இந்த நாட்டுல தட்டிக் கேக்கற ஒரே துறை நம்ம துறைதான். நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கோம். பதில் சொல்றது நம்ம வேலை இல்லை. பதில் சொன்னா ஜனங்க பயப்படுவாங்க. நாப்பது வருஷத்துல இந்தத் துறை ஒருத்தரையாவது பயமுறுத்தியிருக்கா? கேட்டுப் பாருங்க. பள்ளம், குழி, வெற்றிடம் எல்லாமே தடை செய்யப்பட்ட சொற்கள். நான் பொறுப்பேத்ததும் போட்ட முதல் உத்தரவே அதுதான். அதுக்கப்புறம் ஊர்ல ஒரு பள்ளம்கூட பதிவாகலை."

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். "காலியிடம்," என்றார். "மரியாதையான சொல். யாரும் பயப்பட மாட்டாங்க. சந்தோஷம்தான் படுவாங்க."

அந்த வார்த்தையில்தான் எல்லாம் போனது. கோப்பின் தலைப்பில் "காலியிடம் ஒன்று: நிரப்பக் கோருதல்" என்று தட்டச்சு செய்தார்கள். காலியிடம் என்று இருந்தால் கோப்பு எந்தப் பிரிவுக்குப் போகும் என்பது ஊழியர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பணியமைப்புப் பிரிவுக்குப் போனது. அங்கே இருந்த கண்காணிப்பாளரை எல்லோரும் சீல் என்று கூப்பிட்டார்கள். ரப்பர் ஸ்டாம்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பையின் அடித்தையல் மை ஊறிப் பிரிந்திருந்தது.

"காலியிடம் ஒண்ணுதானா?" என்றார் சீல்.

"ஒண்ணுதான் சார். ஆனா பெரிசு."

"எந்த நிலை?"

"தரைக்குக் கீழ சார்."

"கடைநிலை," என்று எழுதிக்கொண்டார். "மேலேர்ந்து கீழ போற மாதிரி இருக்கறதால பதவி உயர்வுல நிரப்ப முடியாது. நேரடி நியமனம்தான்."

"சார், ஆளைப் போட்டு நிரப்பற இடம் இல்லை இது. மண்ணைப் போட்டு நிரப்பணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை வருத்தமாகப் பார்த்தார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் யார் பொழைப்புலயும் மண்ணைப் போட்டதில்லை," என்றார்.

நாளிதழில் விளம்பரம் வந்தது. இடம் நிரப்பப்படும்வரை மாதிரிப் பொறியாளருக்கு அதன் கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். தினமும் மாலை வந்து, எங்கள் நடு அறை வாசலில் நின்று, எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் போக வேண்டும். விண்ணப்பித்தவர்கள் வேலை எப்படிப்பட்ட இடத்தில் என்று பார்க்க வந்தார்கள். தெருமுனைவரை வரிசை. ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "குடும்பத்தைக் கூட்டிட்டு வர வசதி இருக்குமா?" என்றார். இன்னொருவர் பதினோரு வருடமாகத் தான் வேலை தேடி எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி, தனக்கே முன்னுரிமை வேண்டுமென்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவராக உள்ளே கால் வைக்கும்போதும் நான் தரையைத்தான் பார்த்தேன். கையைக் கூப்பி எல்லோரையும் படிக்கு வெளியே நிறுத்திவைத்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அந்த ரெண்டு தட்டு இருக்கே. அது எங்கேர்ந்து வருதுன்னு ஆபீஸ் காதை வெச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தேன். யாரும் சொல்லலை, நானாத்தான். முதல் நாள் ஒன்பது மீட்டர். போன வாரம் ஆறு. நேத்து மூணு."

"மேல வருதா?"

"பாறை உதிர்றதா இருக்கலாம். அப்படித்தான் இருக்கணும்." அக்கா இருந்த பக்கம் பார்த்தாள். "ஆனா உதிர்ற பாறை மூச்சு வாங்குமா?"

அன்று அக்காவின் காலில் விழுந்தேன். ஐம்பது வயதில், தொழில் செய்கிற மனிதன், சின்னப் பிள்ளைபோல அழுதேன். "எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான். வந்துடு." அவள் என் தலையைத் தடவினாள். "தாள் வரட்டும்டா. நானும் மனுஷிதானே, எனக்கு மட்டும் வாழணும்னு இருக்காதா? ஆனா அவர் ஆபீஸ் சொல்லாம நான் பாட்டுக்குக் கிளம்பிட்டா, அவர் மேல வந்து பாக்கும்போது யார் இருப்பா?"

தாள் வந்தது. பதிவுத் தபாலில், அக்காவின் பெயருக்கு.

நடந்தது இதுதான். காலியிடத்தை நிரப்பப் பட்டியல் எடுத்த சீல், அதே அலமாரியில் இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்த கருணைக் கோப்பைப் பார்த்துவிட்டார். நிலுவையை மீறி ஆணை தரலாமா என்ற கேள்விக்கு, மூன்றாவது அடியை நியமனம் பெறுபவரே முடித்துத் தருவார் என்ற நிபந்தனையோடு தரலாம் என்று இயக்குநர் எழுதிவிட்டார். இப்படி ஒரே கல்லில் இரண்டு கோப்பு விழுந்ததற்காக அலுவலகத்தில் அவரைக் கை தட்டாமல் பாராட்டினார்களாம்.

"கருணை அடிப்படையில் தாங்கள் நியமிக்கப்படுகிறீர்கள். பணியிடம்: தங்கள் இல்லத்தின் கீழ், ஆழம் ஒன்பது மீட்டர். வரும் திங்கட்கிழமை முற்பகல் பணியில் சேர வேண்டும். தவறினால் ஆணை ரத்தாகும்."

அக்கா அதை நான்கு முறை படித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"தாள் வந்தா கிளம்பறேன்னு சொன்னியே," என்றேன்.

"சேரச் சொல்லி வந்திருக்கேடா."

"ஆழத்தைப் பாத்தியா? ஒன்பது மீட்டர்க்கா. அடியில ஒண்ணுமே இல்லைன்னு இப்பவாவது புரியுதா?"

"புரியுது." முதல்முறையாகத் தரையைப் பயத்தோடு பார்த்தாள். பிறகு அவளுக்கே உரிய கணக்கு ஒன்றைப் போட்டாள். "இப்படிப் பண்ணலாம். திங்கக்கிழமை சேந்துடறேன். சேந்தாத்தானே லீவு போட முடியும்? அன்னிக்கே லீவு எழுதிக் குடுத்துட்டு உன் கூட வந்துடறேன். முறையாப் போன மாதிரியும் இருக்கும், அவருக்கும் தகவல் சொன்ன மாதிரி இருக்கும்."

நானும் சரி என்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அலுவலகத்துக்குப் போய்ப் போய் எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அவள் வெறும் நாற்பத்தெட்டு கிலோ.

திங்கட்கிழமை காலையில் நான் புதிதாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, தலைவாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைத்தடியின் அடியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மாற்றித் தருகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சேர்க்கை அறிக்கை ஒரு கையில், லீவு விண்ணப்பம் மறு கையில் கொடுத்தாள். இரண்டிலும் அழகான கையெழுத்து.

"முதல்ல இதைக் குடு. அப்புறம் அதைக் குடு. மாத்திக் குடுத்துடாத," என்றாள். "பையைக் கட்டி வெச்சிருக்கேன். பத்தரைக்கெல்லாம் வந்துடு."

ஒன்பது ஐம்பதுக்கு நான்காவது மாடியில் இருந்தேன். காலுறைப் பெட்டியில் ஒரு ஜோடி தேட ஐந்து நிமிடம் ஆனது. சீலின் மேஜைக்கு வழுக்கிக்கொண்டே ஓடினேன். அறிக்கையை வாங்கினார், கண்ணாடியைத் துடைத்தார், பதிவேட்டைத் திறந்தார், பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றினார், தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஸ்டாம்ப் அந்தரத்தில் நின்றது. நாற்பது பேரும் நின்றார்கள்.

"சார்," என்றேன். அவர் கண்ணை மட்டும் உருட்டி, பேசாதே என்றார். நான் ஒரு கால் முன்னே வைத்த நிலையில் நின்றேன். கையில் லீவு விண்ணப்பம். எதிர்ச் சுவரில் கடிகாரம். கண்ணாடிப் பெட்டிக்குள் முள் நேராகக் கோடு போட்டுக்கொண்டு போனது. பத்து ஐந்து. பத்து எட்டு. ஓடிப்போயிருக்கலாம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. அசையக்கூடாது என்று ஒரு விளக்கு சொன்னது, நான் அசையவில்லை.

பத்து பதினொன்றுக்கு முள் துள்ளியது. இரண்டு முறை, அடுத்தடுத்து. பிறகு நேர்கோடு. ஒரு மனிதன் நின்று, மூச்சு வாங்கி, பிடியை மாற்றிக்கொள்கிற நேரம் அப்படியே போனது. எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது அடி விழுந்தது. முள் தாளின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய்த் தாளைக் கிழித்தது. மேஜைமேல் இருந்த டம்ளர்கள் எல்லாம் ஒருமுறை கிணுகிணுத்தன. ஜன்னலுக்கு வெளியே, எங்கள் தெருப் பக்கம், வெள்ளையாகப் புழுதி எழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது.

விளக்கு அணைந்ததும் சீல் ஸ்டாம்பை இறக்கினார். மூன்றாவது அடி விழுந்த நேரத்தையே சேர்ந்த நேரமாக எழுதினார். "பத்து பன்னிரண்டு. முற்பகல்தான், பிரச்சினை இல்லை." கிழிந்த தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. "மூணாவது அடி வந்துடுச்சு டெய்லர். இருபத்திரண்டு வருஷ நிலுவை. பாத்தீங்களா, சேந்த உடனே முடிச்சுக் குடுத்துட்டாங்க." பிறகு என் கையில் இருந்த தாளைக் கவனித்தார். "அது என்ன? லீவா? சேந்த அன்னிக்கேவா?"

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பக்கத்து வீடுகளும் நின்றுகொண்டிருந்தன. பாறைமேல் இருந்தவை, ஒரு விரிசல் இல்லை. நடுவில் எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மாதிரிப் பொறியாளர் விளிம்பில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். கூடுதல் பொறுப்பிலிருந்து அவளை அன்று முற்பகலோடு விடுவித்திருந்தார்கள். உள்ளே இறங்கித் தேடச் சொன்னேன். இயக்குநர் நேரில் வந்து, தோண்டுவது துறையின் மரபல்ல என்றார்.

ஒரு மாதம் கழித்து இறப்புச் சான்றிதழ் கேட்டேன். துறையின் ஊழியர் என்பதால் துறைதான் எழுதித் தர வேண்டுமாம். போனேன். சீல் வருகைப் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"எப்படி எழுத முடியும்? மேடம் ஒருநாள்கூட வராம இருக்கலையே."

முள் எழுதிய தாள்களைத் தேதி வாரியாக ஒட்டிவைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குமேல் இரண்டு கனமான துள்ளல், ஓர் இடைவெளி, பிறகு மெல்லியதாக ஒன்று. பொறியாளர் தன் ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. காத்திருந்தேன்.

தொம், தொம். ஒரு மூச்சு. டொக்.

ரப்பர் தேய்ந்த கைத்தடி. எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா? பதினைந்து நிமிடமும் கண்ணீர் சட்டைக்குள் வழிய, அசையாமல் நின்றேன். அமைதி நேரத்தில் அழுவதற்கும் அங்கே தலையணைதான்.

கிளம்பும்போது சீல் வாசல்வரை வந்தார். "மேடம் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறாங்க," என்றார் கிசுகிசுப்பாக. "இடம் திரும்பக் காலியாகும். கோப்புல பாத்தேன், வாரிசுன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க." வாடிக்கையாளரை நான் பார்ப்பதுபோல, தலையிலிருந்து கால்வரை நிதானமாக ஒருமுறை என்னை அளவெடுத்தார்.

இப்போது வேறு தெருவில் கடை வைத்திருக்கிறேன். தரையோடு தொடர்பே வேண்டாம் என்று முதல் மாடியில் எடுத்தேன். நேற்றுக் காலை ஒரு கோட்டுப் பொத்தான் கை தவறிக் கீழே விழுந்து, அறையின் அந்த ஓரத்தில் போய் நின்றது. நான் எடுக்கப் போகவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அது யோசித்தது. பிறகு மெதுவாக என் நாற்காலியை நோக்கி உருண்டு வர ஆரம்பித்தது.